பாப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து எட்டு மணி நேரம், ட்ரோபோனின் 3,100: பயப்பட வேண்டுமா?

கேள்வி: 2024 ஆகஸ்ட் 6, இரவு 9.50

என் மகளுக்கு ஐந்து மாதம். எடை 4.8 கிலோ. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் பெரிய ஓட்டை. இன்று மதியம் மூடிவிட்டார்கள். நல்லபடியாக முடிந்தது என்று சர்ஜன் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஐ.சி.யூ. வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மருந்து வாங்கிவரச் சொல்லி சிஸ்டர் கொடுத்த சீட்டுகளோடு லேப் ரிப்போர்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொண்டேன். ட்ரோபோனின் 3,100, பக்கத்தில் 14-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. லாக்டேட் 27. என்.டி. ப்ரோ-பி.என்.பி. 9,200. எல்லாம் தடித்த எழுத்தில். நெட்டில் பார்த்தால் லாக்டேட் 4-க்கு மேல் போனாலே ஆபத்து என்கிறான். மனைவியிடம் காட்டவில்லை. இந்த எண்களை வைத்துப் பிள்ளை தேறுமா என்று சொல்ல முடியுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 6, இரவு 10.25

தம்பி, நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு மருத்துவமனை லேபில் 23 வருடம் வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் இதயப் பிரிவின் சாம்பிள்கள்தான். 2009-ல் என் மகனுக்கும் இதய ஆபரேஷன் நடந்தது. அந்த இரண்டு தகுதியில் எழுதுகிறேன்.

ட்ரோபோனினை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசைக்கு அடிபட்டால் ரத்தத்தில் கசியும். பக்கத்தில் போட்டிருக்கும் 14, நெஞ்சுவலியோடு வரும் பெரியவர்களுக்கான கணக்கு. உங்கள் பாப்பாவின் இதயத்தை நிறுத்தி, திறந்து, தையல் போட்டு மூடியிருக்கிறார்கள். கசியத்தான் செய்யும். திறந்த இதய ஆபரேஷன் முடிந்த எந்தக் குழந்தைக்கும் இது தடித்த எழுத்தில்தான் வரும். அடுத்த ரிப்போர்ட்டில் இறங்குகிறதா என்று பாருங்கள்.

லாக்டேட் 27 என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ட்யூட்டி டாக்டரை இப்போதே கேளுங்கள்.

ஆகஸ்ட் 6, இரவு 10.40

தம்பி, 27-க்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது? எழுத்துப் பொடியாக இருக்கும். போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 6, இரவு 11.05

பார்த்துச் சொன்னதற்கு நன்றி. டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அப்படியானால் ஒன்பதால் வகுக்க வேண்டும். 27 என்பது லிட்டருக்கு 3 மில்லிமோல். நெட்டில் நீங்கள் படித்த 4 என்ற எல்லை மில்லிமோல் கணக்கு. ஐ.சி.யூ.வுக்குள் இருக்கும் ரத்த வாயு மெஷின் மில்லிமோலில் காட்டும், கீழே லேபில் இருந்து வரும் தாள் மில்லிகிராமில் வரும். ஒரே ரத்தம், இரண்டு மொழி.

முந்தைய குறிப்பில் உங்களை வீணாக எழுப்பிவிட்டேன். 23 வருடம் இந்த வேலை பார்த்தவள் அலகைக் கேட்காமல் பதில் எழுதியிருக்கக் கூடாது. மன்னியுங்கள். டாக்டரும் இதையேதான் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது.

சாதாரணமாக 2 மில்லிமோலுக்குள் இருக்கும். ஆபரேஷன் அன்று 3 என்பது வியப்பில்லை. கொஞ்சம் படுங்கள். பாய் கொண்டுபோயிருக்கிறீர்களா?

ஆகஸ்ட் 7, காலை 6.15

தூக்கம் வரவில்லை. லாக்டேட் பற்றி இன்னும் கொஞ்சம்.

உடம்பின் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது செல்கள் குறுக்குவழியில் சர்க்கரையை எரிக்கும். அதில் வரும் பொருள்தான் லாக்டேட். அதனால் இதயம் ரத்தத்தைச் சரியாக அனுப்புகிறதா என்பதற்கு இது ஒரு சாட்சி. ஆனால் ஒரே காரணத்துக்காக ஏறுகிற சாட்சி இல்லை. ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கும் அட்ரினலின் மருந்தே லாக்டேட்டை ஏற்றும். கல்லீரல் மந்தமாக இருந்தால் இறங்கத் தாமதமாகும். சாம்பிள் எடுத்து ஐஸ் இல்லாமல் மேசையில் கிடந்தால், ட்யூபுக்குள்ளேயே ரத்த செல்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைக் கூட்டிவிடும். அலறி அழுகிற பிள்ளையிடம் குத்தி எடுத்தாலும் கூடும்.

முதல் ராத்திரி பிள்ளையின் நிலை கொஞ்சம் கீழே இறங்கித்தான் மேலே ஏறும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குழந்தையின் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு குறைவது தெரிந்த விஷயம். நிறுத்தி வைத்த இதயம், அதற்கு மேல், ஆபரேஷனின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் பைபாஸ் மெஷின் கிளப்பிவிட்ட அழற்சி. ஐ.சி.யூ.காரர்கள் அந்த நேரத்துக்காகத் தயாராகவே இருப்பார்கள். மாலையில் நன்றாக இருந்தது, ராத்திரி மருந்தைக் கூட்டிவிட்டார்களே என்று பெற்றவர்கள் பயப்படுவார்கள். நானும் பயந்தேன்.

ஆகஸ்ட் 7, காலை 7.50

என் பையனின் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். முழுதாக எழுதுகிறேன், இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

அவனுக்குப் பதினொரு மாதம், ஏழு கிலோ. நீலக் குழந்தை. அழுதால் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். ஃபாலோ டெட்ராலஜி என்ற கோளாறு. நான் வேலை பார்த்த இடத்திலேயே ஆபரேஷன். அப்போது ரத்த வாயு மெஷின் எங்கள் அறையில் இருந்தது. ஐ.சி.யூ.வுக்கு அடுத்த கதவு. நான் லீவில்தான் இருந்தேன். ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார முடியவில்லை. நைட் ட்யூட்டியில் இருந்த தோழி என்னை உள்ளே உட்காரவிட்டாள்.

ராத்திரி ஒரு மணி வாக்கில் ஐஸ் ட்ரேயில் சிரிஞ்ச் வந்தது. லேபிளில் என் பிள்ளையின் பெயர். தோழி நகர்ந்துகொண்டாள், நானே போட்டேன். லாக்டேட் 5.8. நம்பவில்லை. சிரிஞ்சில் மிச்சம் இருந்ததை மறுபடி போட்டேன். 5.9. மெஷினைக் கழுவவிட்டு, ஐ.சி.யூ.வுக்கு போன் போட்டு, சாம்பிள் சரியில்லை, இன்னொன்று அனுப்புங்கள் என்றேன். சாம்பிளில் ஒரு குறையும் இல்லை. பொய் சொன்னேன். சிஸ்டர் நம்பி இன்னொரு மில்லி எடுத்து அனுப்பினார். 6.1.

உள்ளே அதற்கு முன்பே அட்ரினலினைக் கூட்டியிருந்தார்கள். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டார்கள். தையலில் பிரச்சினை இல்லை, வலது கீழறை இறுகிப்போய் இருக்கிறது, நேரம் கொடுக்க வேண்டும் என்று முடிவும் செய்துவிட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு 5.2. ஏழு மணிக்கு 3.9. மதியம் 2.1.

எண் எப்போதும் சரியாகத்தான் இருந்தது. அதை நான் தனியாக ஒரு தாளில் பார்த்தேன். அவர்கள் சிறுநீர் எவ்வளவு வந்தது, கால் விரல் எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது, ட்ரெயின் குழாயில் எவ்வளவு ரத்தம் வருகிறது, எக்கோ என்ன சொல்கிறது என்று எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தார்கள்.

அந்த ஒரு மில்லி இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 7, காலை 11.30

ஒரு மில்லிக்கா இவ்வளவு வருத்தம் என்று கேட்டவருக்கு.

கைக்குழந்தையின் உடம்பில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம் இருக்கும். தம்பியின் பாப்பாவுக்கு மொத்தமே 380 மில்லி சொச்சம். இரண்டு டம்ளர் நிறையாது. வாயு மெஷினுக்குச் சில துளிகள் போதும். ஆனால் லேபுக்கு அனுப்பும் ட்யூபில் ஒன்று, இரண்டு மில்லி போகும். குழாயில் இருக்கும் உப்புநீர் கலக்காமல் இருக்க முதலில் கொஞ்சம் இழுத்துவிட்டுத்தான் சாம்பிள் எடுப்பார்கள். இழுத்ததைத் திருப்பி ஏற்றாவிட்டால் அதுவும் நட்டம். என் பையனுக்கு மூன்று நாளில் 41 முறை சாம்பிள் வந்திருந்தது. பிறகு ரிஜிஸ்டரில் எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் நாள் ஹீமோகுளோபின் குறைந்து ரத்தம் ஏற்றினார்கள். ஆபரேஷனில் போனதும், பைபாஸ் மெஷினில் நீர்த்ததும்தான் பெரிய காரணம். ஆனாலும் நான் எடுக்க வைத்ததும் அந்தக் கணக்கில் உண்டு.

அதனால் புதிதாக ஒரு டெஸ்ட் வந்திருக்கிறது, அதையும் எடுத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது: எத்தனை மில்லி? அந்த பதில் வந்தால் டாக்டர் வேறென்ன செய்வார்?

ஆகஸ்ட் 7, மாலை 5.20

தம்பி கேட்டிருக்கிறார்: ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் என் ரத்தத்தையே பாப்பாவுக்குக் கொடுக்கலாமா, ஒரே குரூப்தான்.

வேண்டாம் தம்பி. ஆசை புரிகிறது. நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களைப் பிள்ளையின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே தங்கிப் பிள்ளையின் உடம்பையே தாக்கும் ஒரு கோளாறு உண்டு. அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது மிகவும் கடினம். கதிர்வீச்சு கொடுத்து அந்த அணுக்களைச் செயலிழக்கச் செய்யாமல் ரத்த சொந்தத்தின் ரத்தத்தை ஏற்றுவதில்லை. நீங்கள் ரத்த வங்கியில் கொடுங்கள், அது வேறு பிள்ளைக்குப் போகும். உங்கள் பாப்பாவுக்கு வேறொருவர் கொடுத்தது வரும். என் பையனுக்குக் கொடுத்தவர்களில் இரண்டு பேர் எங்கள் தெரு ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சவாரியை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

அப்பாவின் ரத்தம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1954-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹை என்ற சர்ஜன், பைபாஸ் மெஷின் இல்லாமலே குழந்தைகளின் இதயத்தைத் திறந்தார். பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ பக்கத்து மேசையில் படுத்துக்கொள்வார். குழந்தையின் ரத்தம் அவர் உடம்புக்குள் போய் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும். பெற்றவரின் இதயமும் நுரையீரலும்தான் மெஷின். 45 பேருக்கு அப்படிச் செய்தார்கள், 28 பேர் பிழைத்து வீடு போனார்கள். என் பையனுக்கு இருந்த அதே டெட்ராலஜி கோளாறை முதன்முதலில் முழுதாகச் சரிசெய்ததும் அந்த முறையில்தான். அந்த மேசையில் படுத்த அப்பாக்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 8, காலை 9.10

ட்ரோபோனின் 3,100-இலிருந்து 1,700. நல்ல செய்தி. இறங்கிக்கொண்டே இருந்தால் அதைப் பற்றி மறந்துவிடலாம். இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, இறங்கியது மறுபடி எகிறினாலோதான் யோசிப்பார்கள். பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளுக்கு அவற்றை மாற்றித் தைக்கும்போது, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கொரோனரி குழாய்களையும் பெயர்த்து வேறிடத்தில் தைப்பார்கள். அந்தப் பிள்ளைகளிடம் ட்ரோபோனின் திரும்ப ஏறினால் கொரோனரியில் மடிப்பு விழுந்ததா என்று உடனே தேடுவார்கள். உங்கள் பாப்பாவுக்கு அந்த வேலை நடக்கவில்லை.

என்.டி. ப்ரோ-பி.என்.பி. 9,200 பற்றி. ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு என்று ஃபைலில் தேடச் சொன்னேன், 6,400 என்கிறார். பெரிய ஓட்டை இருந்தால் இடது கீழறை அளவுக்கு மீறி ரத்தம் சுமந்து விரிந்து கிடக்கும். அப்படி இழுபடும் தசை விடும் பொருள்தான் இது. முன்பே 6,400-ல் இருந்த பிள்ளை. ஆபரேஷன் முடிந்ததும் கூடுவது வழக்கம், பிறகு இறங்கும். சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுவதால் சிறுநீரகம் மந்தமானால் இதுவும் தேங்கும். பிறந்த சில நாட்களில் ஆரோக்கியமான பிள்ளைக்கே பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். பெரியவர்களின் எல்லையை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் தடித்த எழுத்துக்குக் கைக்குழந்தையிடம் அர்த்தம் இல்லை.

பி.என்.பி.யின் முதல் 'பி' ப்ரெய்ன், அதாவது மூளை. இதன் பெயரில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். 1988-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதன் உறவுக்காரப் பொருளை முதலில் பன்றியின் மூளையில் இருந்து பிரித்தெடுத்தார்கள். இதயத்தின் கீழறைதான் அதிகம் சுரக்கிறது என்பது பிறகு தெரிந்தது. பெயர் மாறவில்லை.

ஆகஸ்ட் 8, இரவு 8.00

தம்பி இன்று அனுப்பிய தாளில் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம்) 86 தடித்த எழுத்தில் இருக்கிறது. இன்ஃபெக்ஷனா என்று கேட்கிறார். பைபாஸ் மெஷினில் போய் வந்த பிள்ளைக்கு இரண்டாம், மூன்றாம் நாள் சி.ஆர்.பி. ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ப்ரோகால்சிடோனின் என்று ஒன்று உண்டு, அது சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும். அது இறங்காமல் நின்றாலோ மறுபடி ஏறினாலோ கிருமி பற்றிச் சந்தேகப்படுவார்கள். காய்ச்சல், சளி, எக்ஸ்ரே எல்லாம் சேர்த்துத்தான்.

அதே தாளில் தடித்த எழுத்தில் வராத ஒன்று என் கண்ணில் பட்டது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 0.5. ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு தம்பி?

ஆகஸ்ட் 8, இரவு 9.15

0.3.

இதை டாக்டரிடம் கேளுங்கள். பதற வேண்டாம், ஆனால் கேளுங்கள். 0.5 என்பது யாருக்கும் நார்மலாகத் தெரியும் எண், கம்ப்யூட்டர் கறுப்பாக்காது. ஆனால் கைக்குழந்தைக்குத் தசை குறைவு, கிரியாட்டினினே 0.2, 0.3 என்றுதான் இருக்கும். 0.3 இருந்தது 0.5 ஆனால் ஒன்றரை மடங்குக்கு மேல். சிறுநீரகத்துக்குத் திடீர்ப் பாதிப்பு என்று சொல்வதற்கான அளவுகோலில் ஒன்றரை மடங்கு என்பது முதல் படி. இன்னொன்றும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளை வீங்கியிருந்தால் உடம்பில் நீர் கூடி, கிரியாட்டினின் நீர்த்துப்போய்க் குறைவாகவே காட்டும்.

சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லி, அதற்கு மேல் என்றால் நிம்மதி.

ஆகஸ்ட் 9, காலை 10.45

டாக்டர் நேற்றே கவனித்துவிட்டாராம். சிறுநீர் மணிக்கு 9 மில்லி போகிறது, சிறுநீரகத்துக்கு ஒவ்வாத ஒரு ஆன்டிபயாட்டிக்கை ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள், நாளை மறுபடி பார்ப்பார்கள். நான் சொல்லித்தான் தெரிந்தது என்பது இல்லை, அதைப் பதிவு செய்கிறேன். வாசலில் நிற்கும் அப்பாவுக்கு அது தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி-பதில் தொடரில் நான் மனதாரச் சொல்ல வந்தது இதுதான் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. தடித்த எழுத்தில் வந்த மூன்று எண்களுக்காகத் தம்பி இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கேட்க வேண்டிய எண் சாதாரண எழுத்தில் வந்தது. பிள்ளையின் எண்ணைப் பிள்ளையின் முந்தைய எண்ணோடுதான் பார்க்க வேண்டும், தாளின் வலது ஓரத்தில் அச்சடித்த எல்லையோடு இல்லை.

ஆகஸ்ட் 9, மதியம் 2.30

சிறுநீரகத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. கிரியாட்டினின் தாமதமாக வந்து சேரும் தபால். பாதிப்பு நடந்து ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் ஏறும். 2005-ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் பைபாஸ் ஆபரேஷன் நடந்த 71 பிள்ளைகள். அவர்களில் 20 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. என்.ஜி.ஏ.எல். என்ற புரதம் அந்தப் பிள்ளைகளிடம் இரண்டே மணி நேரத்தில் ஏறியிருந்தது. எங்கள் லேபில் அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸ் கைமாறிக்கொண்டே இருந்தது. எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்தால்கூட எவ்வளவு செய்யலாம்!

பிறகு பல மருத்துவமனைகளில் கூடுதல் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது அவ்வளவு துல்லியம் வரவில்லை. பயனில்லை என்று அர்த்தம் இல்லை. ஒரே இடத்தில், சில பிள்ளைகளிடம் கிடைத்த முடிவு ஊரெல்லாம் அப்படியே நிற்பதில்லை. 2023 டிசம்பரில்தான் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கான என்.ஜி.ஏ.எல். டெஸ்ட்டுக்கு அனுமதி கொடுத்தது. அந்த முதல் ஆய்வில் இருந்து கணக்குப் போட்டால் 18 வருடம்.

ஆகஸ்ட் 9, மாலை 6.40

திருத்தம். அந்த டெஸ்ட் ரத்தத்தில் இல்லை, சிறுநீரில் என்று ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். சரிதான். 2005 ஆய்வில் ரத்தம், சிறுநீர் இரண்டிலும் பார்த்தார்கள். அனுமதி கிடைத்தது சிறுநீர் டெஸ்ட்டுக்கு. எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது. பையில் எப்படியும் சேர்கிற சிறுநீர், பிள்ளையிடம் இருந்து ஒரு துளி ரத்தம் எடுக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 10, காலை 7.00

மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா, அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டா என்று வேலூர்ப் பக்கம் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். எஸ்-100-பி என்ற புரதத்தைப் பல வருடம் அளந்து பார்த்தார்கள். அது கொழுப்புத் திசுவிலும் இருக்கிறது. நெஞ்சைத் திறக்கும்போது வெட்டுப்படும் கொழுப்பில் இருந்து வந்து கலந்து ஏமாற்றிவிடும். ஜி.எஃப்.ஏ.பி. என்பது மூளைக்கு இன்னும் நெருக்கமான புரதம், ஆய்வுகள் நடக்கின்றன. அம்மா, உங்கள் பிள்ளை விழித்துக் கண்ணைத் திருப்பி உங்களைப் பார்ப்பதும், இரண்டு கையையும் ஒரே மாதிரி அசைப்பதும், பிறகு மாதா மாதம் வளர்ச்சிப் படிகளைத் தொடுவதும்தான் இப்போதைக்கு நம்பத் தகுந்தவை.

ஆகஸ்ட் 10, இரவு 9.30

பெற்றவர்களுக்கு எண்களே தெரிய வேண்டாம் என்று எங்கள் லேபில் நான் பல வருடம் வாதாடியிருக்கிறேன். ரிப்போர்ட்டை வாசலில் யாரிடமும் கொடுக்காதீர்கள், டாக்டரிடம் மட்டும் கொடுங்கள் என்று அட்டெண்டர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். தம்பியின் முதல் கேள்வியைப் படித்தபோதும் அதுதான் தோன்றியது.

இப்போது அப்படித் தோன்றவில்லை. வாசலில் இருந்த மற்ற பெற்றவர்களுக்கு இல்லாத ஒன்று எனக்கு 2009-ல் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த எண் என்னைப் பாடாய்ப்படுத்தியது. ஆனால் நாலு மணிக்கு 5.2 என்று பார்த்தபோதுதான் நான் தண்ணீர் குடித்தேன். அந்த நேரத்தில் வெளியே பெஞ்சில் என் கணவர் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஏழு மணி வரை அவரிடம் போய்ச் சொல்லவே தோன்றவில்லை. எண்ணைக் கொடுக்கலாம். கொடுக்கிறவர் ஒரு நிமிடம் நின்று, நேற்றைவிட எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு இருபது படுக்கைக்கு நாலு சிஸ்டர் இருக்கும் இடத்தில் அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வரும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 11, மதியம் 12.10

கிரியாட்டினின் 0.4. என்.டி. ப்ரோ-பி.என்.பி. 4,800. வென்ட்டிலேட்டர் நேற்றே எடுத்தாயிற்று.

தேறுமா என்று எண்களை வைத்துச் சொல்ல முடியுமா என்பதுதான் முதல் நாள் கேள்வி. நேராகப் பதில் சொல்லாமலே ஐந்து நாள் ஓட்டிவிட்டேன். ஓரளவு முடியும். பிள்ளையின் வயது, எடை, என்ன கோளாறு, பைபாஸில் எவ்வளவு நேரம், ஆபரேஷனுக்குப் பிறகு எக்கோவில் மிச்சம் ஏதும் இருக்கிறதா, இவைதான் பெரும் பங்கைச் சொல்லிவிடுகின்றன. ரத்தம் அதன் மேல் கொஞ்சம் சேர்த்துச் சொல்லும். வீட்டுக்குப் போன பிள்ளை ஒரு மாதத்துக்குள் திரும்ப அட்மிட் ஆகுமா என்பதை எஸ்.டி.-2, கலெக்டின்-3 போன்ற ரத்தப் புரதங்களை வைத்து முன்கூட்டிக் கணிக்கவும் முயல்கிறார்கள். நம் ஊருக்கு அது பெரிய உதவியாக இருக்கும். காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் முடிந்து விழுப்புரம் தாண்டிக் கிராமத்துக்குப் போகிற பிள்ளை, ராத்திரி மூச்சு வாங்கினால் திரும்பி வர எத்தனை பஸ் மாற வேண்டும்? யாரை ஒரு வாரம் சென்னையிலேயே வைத்திருக்கலாம் என்று தெரிந்தால் போதுமே. இப்போதைக்கு அந்த டெஸ்ட்டுகள் ஆய்வோடு நிற்கின்றன.

ஆகஸ்ட் 11, இரவு 10.15

மதியம் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். லேபில் உட்கார்ந்தபடியே ஒரு பிள்ளை தேறுவதை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வோம் தெரியுமா? எண்ணைப் பார்த்து இல்லை. சாம்பிள் வரும் இடைவெளியைப் பார்த்து. முதல் நாள் மணிக்கொரு தடவை அதே பெயர். பிறகு நாலு மணிக்கொரு தடவை. பிறகு காலையில் ஒன்று. பிறகு பெயரே வராது.

பெயர் வராமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதனால் நின்றது என்று ரிஜிஸ்டரில் இருக்காது. நான் ஒவ்வொரு தடவையும் ஐ.சி.யூ.வுக்கு நடந்து போய்க் கேட்டுவிட்டு வருவேன். சிலர் போகாதே என்பார்கள். என்னால் கேட்காமல் இருக்க முடிந்ததில்லை.

ஆகஸ்ட் 13, மாலை 4.00

தம்பி எழுதியிருக்கிறார்: சாம்பிள் எடுக்கக் கையில் போட்டிருந்த ஆர்ட்டீரியல் லைனை எடுத்துவிட்டார்கள், வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், நேற்று முழுவதும் ஒரே ஒரு ட்யூப், இன்று எதுவும் எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாமா?

கேட்க வேண்டாம் தம்பி.

ஆகஸ்ட் 17, காலை 8.30

இன்று டிஸ்சார்ஜ். வீட்டில் லேப் இல்லை, அதனால் இவற்றைப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஈரம் செய்கிறாள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்காமல் பால் குடிக்கிறாளா. குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா. ஆபரேஷனுக்கு முன்னால் வியர்த்திருக்கும், உங்கள் மனைவிக்குத் தெரியும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டு பால் வேண்டாம் என்றாலோ, சாதாரணக் காய்ச்சல் என்று தெருமுனை டாக்டரோடு நிறுத்தாதீர்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோர்ப்பது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். சிறுநீரைக் கூட்டும் ஃப்ரூசமைட் சிரப்பை மூடியில் ஊற்றாதீர்கள், ஒரு மில்லி சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். ஃபைலில் ஆபரேஷனுக்கு முந்தைய தாள்களும் இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ரிவ்யூவுக்கு அவை இல்லாமல் போகாதீர்கள்.

ஆகஸ்ட் 19, இரவு 9.05

இதைத் தம்பியின் மனைவி எழுதியிருக்கிறார், முதல் முறையாக. அப்படியே போடுகிறேன்.

"அக்கா, அவர் காட்டாமல் வைத்திருந்த போட்டோ எல்லாவற்றையும் இன்றுதான் பார்த்தேன். முதல் நாளே எனக்குத் தெரியும், அவர் முகத்தில் இருந்தது. பாப்பா சாயங்காலம் 70 மில்லி ஒரே மூச்சில் குடித்தாள். நெற்றியைத் துடைத்துப் பார்த்தேன். துணி காய்ந்துதான் இருந்தது."